கல்யாணமா, கப்பலா? மதுரவாயலில் வாழ்ந்த ஜானகி அம்மாளின் கதை!

ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஏறுங்கள். அசோக் நகர், வடபழனி தாண்டி கோயம்பேட்டில் இறங்கி, ஒரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் மதுரவாயல். பேரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பாலம், டிராஃபிக், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மணிக்கணக்கில் மாட்டிக்கிட்ட கதை... அவ்வளவுதானே?

அதே மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. சுற்றிலும் செடிகள், காலைச் சுற்றும் பூனைகள், நடுவே மஞ்சள் புடவையில் உயரமாக ஒரு பாட்டி. கரும்பு முதல் மக்னோலியா வரை ஆயிரக்கணக்கான செடிகளின் குரோமோசோம் கணக்கை உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர் அவர். பெயர், இ.கே.ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். அப்போது அது மதராஸ் மாகாணம். அப்பா சப்-ஜட்ஜ். கோர்ட் நேரம் போக மிச்சமெல்லாம் தோட்டமும் பறவைகளும்தான். மலபார் பறவைகளைப் பற்றி எழுதியும் வைத்தார். மகளுக்கு அந்தப் பைத்தியம் அப்படியே ஒட்டிக்கிச்சு. மெரினாவில் நீங்க கடந்து போற ராணி மேரி கல்லூரியிலும், அதற்கடுத்து மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1921-ல் தாவரவியல் ஹானர்ஸ் முடித்தார். பிறகு பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் வேலை.

அந்த நேரத்தில்தான் வீட்டில் முறை மாப்பிள்ளையோடு கல்யாணப் பேச்சு. கூடவே, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்காகக் கொடுத்த பார்பர் உதவித்தொகை. கப்பல்தான் ஜெயித்தது. 1931-ல் டாக்டர் பட்டம். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்தார். இங்கே ஒரு திருத்தம். இந்தியக் கரும்பை இனிப்பாக்கியதே ஜானகி அம்மாள்தான் என்று ஃபார்வேர்டு மெசேஜ் வந்தால் கொஞ்சம் நிறுத்துங்க. நாட்டு நாணல் இனத்தையும் இனிப்புக் கரும்பையும் கலந்த வேலையை பார்பரும் வெங்கட்ராமனும் 1912-லேயே தொடங்கிவிட்டார்கள். அவர் செய்தது அதற்கு அடுத்த கட்டம். எதற்கும் பிறகு ஏன் இந்தக் கலப்பு பலிக்குது, ஏன் பலிக்கலைன்னு செல்லுக்குள் போய்ப் பார்த்தார். நமக்கு 46 குரோமோசோம் என்றால் எல்லாருக்கும் 46. நாணலில் அப்படி இல்லை. ஒரு வகையில் 40 இருக்கும், இன்னொன்றில் நூற்றைத் தாண்டும். இந்தத் தாறுமாறான கணக்கை மைக்ராஸ்கோப்பில் எண்ணி எண்ணி எழுதினார். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தார்!

ஆனால், தனியாக வாழும் பெண், அதிலும் அன்றைய மேல்சாதிக் கணக்கில் வராத குடும்பம். ஆண்கள் நிறைந்த அந்த நிலையத்தில் அவருக்கு நிம்மதி இல்லை. 1939-ல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனவர், உலகப் போர் மூண்டதும் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். லண்டன் ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை. இந்தியாவிலிருந்து ஓர் அணிலையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார், அதுக்குப் பேர் கபோக்! ராத்திரி குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்குவது, காலையில் அலமாரியில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வது என்று போர்க்காலம் ஓடியது. அப்படி உருவானதுதான் டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-ல் வெளியிட்ட பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்.

அடுத்து விஸ்லி தோட்டம். கோல்ச்சிசின் என்ற ரசாயனத்தைச் செடியின் வளரும் நுனியில் தடவினால், செல் இரண்டாகப் பிரியாமல் குரோமோசோம் இரட்டிப்பாகும். இலை தடிமனாகும், பூ பெரிதாகும். (நம்ம மாநில மலர் செங்காந்தளில் இருப்பதும் இதே கோல்ச்சிசின்தான். விதையைக் கடிச்சுப் பார்த்துடாதீங்க, விஷம்!) அதை மக்னோலியா நாற்றுகளில் பயன்படுத்தினார். அதில் வந்த ஒரு வெள்ளைப் பூ வகைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

1951-ல் நேரு கூப்பிட்டார். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு. 1955-ல் பிரின்ஸ்டனில் மனிதன் பூமியை எப்படி மாற்றினான் என்று நடந்த பெரிய கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டவர்களில் அவர் மட்டுமே பெண். 1970-ல் சென்னைக்குத் திரும்பி மதுரவாயலில் குடியேறினார். 1977-ல் பத்மஸ்ரீ.

80 வயதில் ஓய்வெடுப்பார் என்றுதானே நினைக்கிறீங்க? கேரளத்தின் சைலன்ட் வேலியில் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டம் வந்தது. கட்டினால் சோலைக்காட்டின் ஒரு பகுதி தண்ணீருக்குள். சிங்கவால் குரங்குகளுக்கு வேறு போக்கிடம் குறைவு. ஆயிரக்கணக்கானோர் எதிர்த்தார்கள், அவர்களில் ஜானகி அம்மாளும் ஒருவர். அவர் எதிர்த்த விதம் தனி. அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம் கணக்கெடுப்பில் இறங்கினார். எது அழியப்போகிறது என்பதைப் பட்டியலாகவே காட்டிவிடலாமே!

1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7 அன்று, மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் வேலையில் இருந்தபோதே ஜானகி அம்மாள் இறந்துபோனார். வயது 86. சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பர் 15-ல்.

விஸ்லியில் பேட்டில்ஸ்டன் ஹில் என்று ஒரு மேடு இருக்கிறது. அவர் கையால் நட்ட மக்னோலியாக்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே பூக்கின்றன. அவர் பெயரில் கொடைக்கானலில் உருவாக்கிய ஒரு ரோஜாவும் உண்டு. நிறம், அவர் புடவை மாதிரியே மஞ்சள்.