எண்கள் எச்சரித்தும் கண்டுகொள்ளப்படாத பிரஷர்: அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் உயிரைப் பறித்த உயர் ரத்த அழுத்தம்

1945 ஏப்ரல் 12. அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் உள்ள வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். காலையில் எழுந்தபோதே அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு லேசாகத் தலை வலித்தது, கழுத்து பிடித்துக்கொண்டது போல இருந்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோப்புகளைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஓவியர் எலிசபெத் ஷூமடாஃப் அவரது உருவப்படத்தை வரைந்துகொண்டிருந்தார்.

மதியம் 1 மணியைத் தாண்டியதும் பின்னந்தலையில் கடும் வலி என்று சொன்னவர், அப்படியே சரிந்தார். மருத்துவர் ஓடிவந்து ரத்த அழுத்தத்தைப் பார்த்தபோது மேல் அளவு 300-ஐத் தாண்டியிருந்தது. கீழ் அளவு 190. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்து ரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தது. மாலை 3.35 மணிக்கு உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 63. அந்த உருவப்படம் முடிக்கப்படாமலே நின்றுபோனது.

உலகத்துக்கே இது திடீர் மரணம். ஆனால் அவருடைய மருத்துவக் குறிப்பேட்டில் இருந்த எண்களைப் பார்த்தால் திடீர் என்ற சொல்லுக்கு இடமே இல்லை. பல ஆண்டுகளாகவே அந்த எண்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தன.

யார் இந்த ரூஸ்வெல்ட்?

1882 ஜனவரி 30 அன்று நியூயார்க் மாகாணத்தின் ஹைட் பார்க்கில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர் ரூஸ்வெல்ட். தந்தை ஜேம்ஸ் இதய நோயால் 1900-ல் இறந்துபோனார். படிப்பு, அரசியல், கடற்படைத் துறையில் பதவி என்று மளமளவென ஏறிக்கொண்டிருந்தவருக்கு 1921 ஆகஸ்ட்டில் முதல் அடி விழுந்தது. 39 வயதில் போலியோ என்று கண்டறியப்பட்டது. இடுப்புக்குக் கீழே கால்கள் செயலிழந்தன.

அதன்பிறகும் விடவில்லை. இரும்புப் பட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, யாராவது ஒருவரின் தோளைப் பிடித்தபடி மேடையேறினார். நியூயார்க் ஆளுநரானார். 1933 மார்ச்சில் அமெரிக்க அதிபரானார். வங்கிகள் மூடிக்கிடந்த, கோடிக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற காலம் அது. அந்தப் பொருளாதாரப் பெருமந்தத்தையும் அதற்குப் பின் வந்த இரண்டாம் உலகப் போரையும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே சமாளித்தவர். அமெரிக்க வரலாற்றில் 4 முறை அதிபர் தேர்தலில் வென்ற ஒரே நபர் இவர்தான்.

உலகறிந்த நோய் போலியோ. ஆனால் அவரைக் கொன்றது வெளியே தெரியாத இன்னொரு நோய்.

எண்கள் சொன்ன கதை

அதிபரான புதிதில் அவரது ரத்த அழுத்தம் கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. 1935-ல் 136/78. இரண்டே ஆண்டுகளில், 1937-ல் அது 162/98 ஆனது. 1940 நவம்பரில் 178/88. 1941 பிப்ரவரியில் 188/105.

இன்றைக்கு ஒருவருக்கு 162/98 என்று வந்தால் என்ன நடக்கும்? மறுபடியும் அளந்து பார்ப்பார்கள், உறுதியானால் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். அன்றைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அவரது தனி மருத்துவர் ராஸ் மெக்கின்டையர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். ரூஸ்வெல்ட்டின் சைனஸ் தொல்லையைப் பார்ப்பதற்காக வந்தவர். பத்திரிகையாளர்கள் கேட்கும்போதெல்லாம் அதிபர் நலமாக இருக்கிறார் என்றே அவர் சொல்லிவந்தார்.

பழியை அவர் மீது மட்டும் போட்டுவிடவும் முடியாது. வயது ஏற ஏற பிரஷரும் ஏறுவது இயற்கைதான் என்றே அன்றைய மருத்துவர்களில் பலர் நம்பினார்கள். குறுகிப்போன குழாய்களில் ரத்தத்தைத் தள்ள உடம்புக்கு அந்தக் கூடுதல் அழுத்தம் தேவை, அதைக் குறைத்தால்தான் ஆபத்து என்று நினைத்தவர்களும் உண்டு. அழுத்தத்தை அளக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரோட்காஃப் 1905-லேயே சொல்லிவிட்டார். ஆனால் அளந்து வந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

சரி, ரத்த அழுத்தம் என்றால் என்ன?

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ரத்தத்தைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அப்போது குழாயின் சுவர் மீது விழும் அழுத்தம்தான் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்திருக்கும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண். பெரியவர்களுக்கு 120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம்.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை எப்போதும் அதிக வேகத்திலேயே ஓடவிட்டால் என்ன ஆகும்? முதல் நாளே குழாய் வெடிக்காது. கொஞ்சம் கொஞ்சமாக நைந்து, ஒரு நாள் பலவீனமான இடத்தில் பிய்த்துக்கொள்ளும். மோட்டாரும் சூடேறிக் களைத்துப்போகும். உடம்பிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். குழாய் வெடிப்பது மூளையில் என்றால் பக்கவாதம். மோட்டார் களைத்துப்போவது இதயச் செயலிழப்பு. சிறுநீரகமும் கண்ணும்கூட தப்புவதில்லை.

இதில் மோசமான விஷயம், இவ்வளவு நடந்தாலும் பெரும்பாலானோருக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

1944 மார்ச்: உண்மை தெரிந்த நாள்

1944-ன் தொடக்கத்தில் ரூஸ்வெல்ட் அடிக்கடி இருமினார், சீக்கிரம் களைத்துப்போனார். கவலைப்பட்ட மகள் அன்னா, முழுப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினார். மார்ச் மாத இறுதியில் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில், ஹோவர்ட் புரூயென் என்ற இளம் இதய நிபுணர் அவரைப் பரிசோதித்தார்.

அவர் கண்டது இதுதான்: ரத்த அழுத்தம் 186/108. இதயம் பெரிதாகியிருந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. உதடுகளில் நீலம் பாய்ந்திருந்தது. உயர் ரத்த அழுத்தத்தால் இதயம் செயலிழக்கத் தொடங்கியிருந்தது.

சிகிச்சைக்கு புரூயென் கையில் என்ன இருந்தது? இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் என்ற மருந்து, உப்பைக் குறைத்த உணவு, எடைக்குறைப்பு, ஓய்வு, சிகரெட்டைக் குறைப்பது. அவ்வளவுதான். பிரஷரைப் பாதுகாப்பாகக் குறைக்கும் மாத்திரை எதுவும் அப்போது அவரிடம் இல்லை. டிஜிட்டாலிஸ் வேலை செய்தது. நுரையீரல் தெளிந்தது, இருமல் அடங்கியது. தினமும் 20-க்கும் மேல் சிகரெட் பிடித்தவர் அதை வெகுவாகக் குறைத்தார். ஆனால் பிரஷர் மட்டும் இறங்கவே இல்லை.

ஆச்சரியம் என்னவென்றால், தனக்கு என்ன நோய், எதற்கு இந்த மாத்திரை என்று ரூஸ்வெல்ட் கடைசிவரை புரூயெனிடம் கேட்கவே இல்லை. யாரிடமும் எதையும் சொல்லக்கூடாது என்பது புரூயெனுக்கு இடப்பட்ட உத்தரவு. மக்களுக்கு எதுவும் தெரியவில்லை.

நான்காவது தேர்தலும் யால்டாவும்

அந்த நிலையிலும் 1944 நவம்பர் தேர்தலில் அவர் நின்றார். உடல்நலம் பற்றிய வதந்திகளை முறியடிக்க, அக்டோபரில் நியூயார்க் நகரத் தெருக்களில் கொட்டும் மழையில் திறந்த காரில் மணிக்கணக்கில் ஊர்வலம் வந்தார். வென்றும் காட்டினார். அதே நவம்பரில் அவரது ரத்த அழுத்தம் 260/150 வரை எகிறியது.

1945 பிப்ரவரியில் கிரிமியாவின் யால்டாவில் சர்ச்சிலையும் ஸ்டாலினையும் சந்தித்தார். போருக்குப் பிந்தைய ஐரோப்பா எப்படி இருக்கவேண்டும் என்று முடிவெடுத்த மாநாடு அது. அங்கே எடுத்த புகைப்படங்களில் கன்னம் ஒட்டி, கண்கள் உள்வாங்கி இருப்பார். மார்ச் 1 அன்று நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தபடியே பேசினார். ஆறு வாரத்தில் எல்லாம் முடிந்தது.

யால்டா படத்தில் இருக்கும் மற்ற இரண்டு தலைவர்களின் உயிரையும் பறித்தது பக்கவாதம்தான். ஸ்டாலின் 1953-ல், சர்ச்சில் 1965-ல்.

ரூஸ்வெல்ட்டுக்குப் பின் பதவியேற்ற ஹாரி ட்ரூமன், துணை அதிபராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அணுகுண்டுத் திட்டத்தின் விவரங்கள்கூட அவரிடம் சொல்லப்பட்டிருக்கவில்லை. ஒருவரின் உடல்நிலையை மறைத்ததால் ஒரு நாடே எவ்வளவு தயாரில்லாமல் நின்றது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மரணத்துக்குப் பிறகு அவரது மருத்துவக் கோப்பும் காணாமல் போனது. தன் சொந்தக் குறிப்புகளை வைத்து புரூயென் 1970-ல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய பிறகுதான் முழு விவரமும் வெளியே வந்தது.

அந்த மரணத்துக்குப் பின் என்ன மாறியது?

1948-ல் தேசிய இதயச் சட்டத்தில் ட்ரூமன் கையெழுத்திட்டார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாகாணத்தின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் ஓர் ஆய்வு தொடங்கியது. 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் பல பத்தாண்டுகள் விடாமல் கண்காணித்தார்கள். உயர் ரத்த அழுத்தம் வயதானால் வரும் இயல்பான விஷயம் அல்ல, அது மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி போடுகிறது என்பதை உலகம் நம்பியதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

மருந்து விஷயத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நம் நாட்டு வைத்தியத்தில் காலங்காலமாகப் பயன்பட்டுவந்த சர்ப்பகந்தா வேர் பிரஷரைக் குறைக்கிறது என்று 1931-லேயே கொல்கத்தா மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். மும்பை இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் இதழில் எழுதிய பிறகுதான் மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. அந்த வேரிலிருந்து 1952-ல் ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் காரணமாக இப்போது அதை அதிகம் தருவதில்லை. அதனால் வேரை வாங்கி நாமே கஷாயம் போட்டுக் குடிக்கும் வேலை வேண்டாம்.

1958-ல் குளோரோதயசைடு என்ற மாத்திரை வந்தது. சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. ரூஸ்வெல்ட் இறந்து 13 ஆண்டுகள் கழித்து! அதன்பின் ஒன்றன் பின் ஒன்றாகப் புதிய மருந்துகள் வந்தன. இன்றைக்கு சாதாரண மருந்துக்கடையில் கிடைக்கும் பிரஷர் மாத்திரை, அன்று உலகின் அதிக சக்திவாய்ந்த மனிதருக்குக்கூடக் கிடைக்காதது.

நாம் என்ன செய்யலாம்?

பெரும்பாலானோருக்கு உயர் ரத்த அழுத்தம் ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இருக்காது. வயது, பரம்பரை, உப்பு, உடல் எடை, புகை, மது, உடலுழைப்பு இல்லாமை என்று பல சேர்ந்துதான் வரும். வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது. மற்றதெல்லாம் ஓரளவு நம் கையில்தான்.

* உப்பு: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது சுமார் ஒரு டீஸ்பூன் அளவுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாட்டில் போடும் உப்பை மட்டும் கணக்கு பார்த்தால் போதாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாவற்றிலும் இருப்பதும் சேர்த்துத்தான்.
* நடை: வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடப்பது நல்லது.
* புகை, மது: புகையை முழுதாக விடவேண்டும். மதுவையும் தவிர்ப்பது நல்லது.
* அளப்பது: 30 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரஷர் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளப்பதுதான் சரி. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் காசு கிடையாது.
* மாத்திரை: பிரஷர் சரியாகிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பலருக்கு அது சரியாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் முடிவு.

திடீரெனக் கடுமையான தலைவலி, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, நெஞ்சுவலி... இதில் எது வந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்கவேண்டும்.

2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. ரூஸ்வெல்ட்டுக்கு அளந்து பார்க்க ஆள் இருந்தார்கள், மருந்து இல்லை. இன்று மருந்து இருக்கிறது. அளந்து பார்க்கத்தான் நாம் போவதில்லை.