மடிப்புகளுக்கு இலக்கணம் கண்டவர்

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிக்கும், அங்கு வெடிமருந்தைப் பொதியச் சுருட்டும் குழலுக்கும் அடிப்படைப் பொருள் தாள். தாளின் உடலாக அமைவது செல்லுலோஸ். அது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கண்ணி கண்ணியாகக் கோத்து அமைந்த நெடுஞ்சங்கிலி. இன்றைய ஆய்வகங்களில் அச்செல்லுலோஸ் தாள் நோயறியும் களமாகவும் விளங்குகிறது. அமினோ அமிலங்கள் சில இணைந்த பெப்டைடு என்னும் சிறு சங்கிலிகளை அறிவியலார் அதன்மேல் புள்ளி புள்ளியாக உருவாக்குகின்றனர். ஒவ்வொரு புள்ளியும் தனக்குப் பொருந்தும் மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியாகச் செயல்படுகிறது. நோயாளியின் குருதியில் உள்ள எதிர்ப்பொருளையும், மருந்தாகத் தக்க பொருளையும் இவ்வாறு இனங்காண இயலும். எதனோடு எது பொருந்தும் என்பதில் சங்கிலியின் வரிசைக்கும், அது வளைந்து கொள்ளும் வடிவத்திற்கும் பங்குண்டு. அவ்வடிவத்தின் எல்லைகளைச் சென்னையிலிருந்து உலகிற்கு வகுத்துக் காட்டியவர் ஜி. என். இராமச்சந்திரன்.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். தந்தையிடமிருந்து பெற்ற கணித ஈடுபாடு இராமச்சந்திரனுக்கு இறுதிவரை துணை நின்றது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அவருடைய திறனை உணர்ந்த சர் சி. வி. இராமன் அவரை இயற்பியல் துறைக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று முனைவர் பட்டம் பெற்று 1949இல் தாயகம் திரும்பினார். 1952இல், தம் முப்பதாம் அகவையில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார்.

முப்புரிச் சுருள்

புதிய துறைக்கு உகந்த ஆய்வுப் பொருளை அவர் தேடிக்கொண்டிருந்தபோது, சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால் கொலாஜனைப் பற்றி எடுத்துரைத்தார். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் புரதம் கொலாஜன். அதன் அமைப்பு அன்று தெளிவாக அறியப்படவில்லை. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாதிரிகளை வழங்கி உதவியது. கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்த இராமச்சந்திரன், கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என 1954இல் அறிவித்தார். அம்மூன்றும் கயிற்றின் புரிகளைப் போல ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன என 1955இல் அதனைத் திருத்தி வெளியிட்டார். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் அமைவதால்தான் புரிகள் நெருங்கிச் சுற்ற முடிகிறது என்பதும் அதனால் விளங்கியது.

மறுப்பும் விடையும்

அப்போது கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு எழுந்தது. டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், சென்னை மாதிரியமைப்பில் சில அணுக்கள் இயல்புக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். உலகப் புகழ் பெற்ற ஆய்வகத்தின் மறுப்பு, வளர்ந்துவரும் ஒரு துறையின் உழைப்பையே ஐயத்திற்கு உள்ளாக்கக் கூடியது. இராமச்சந்திரன் சினங்கொள்ளவில்லை, பணிந்து ஒதுங்கவும் இல்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் வினாவையே தம் அடுத்த ஆய்வாக்கினார்.

அமினோ அமிலங்கள், பெப்டைடுகள் ஆகியவற்றின் அறியப்பட்ட படிக அமைப்புகளைத் திரட்டி, அவற்றில் அணுக்களுக்கிடையே காணப்படும் மிகக் குறைந்த தொலைவுகளை அவரும் மாணவர்களும் தொகுத்தனர். பெப்டைடுப் பிணைப்பு தட்டையானது. அது எளிதில் முறுகாது. அதனால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கோணங்களே பெரிதும் மாறத்தக்கவை. அவற்றுக்கு ஃபை, சை என்று பெயர். இவ்விரு கோணங்களையும் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் மோதுகின்றனவா எனக் கணக்கிட்டனர். மோதாத நிலைகளை ஒரு சதுர வரைபடத்தில் குறித்தபோது, பெரும்பகுதி வெறுமையாக நின்றது. சில சிறு பரப்புகளே இசைவுடையனவாக எஞ்சின. பாலிங் முதலியோர் முன்னரே கண்டறிந்த ஆல்ஃபா சுருளும் பீட்டா தாள் அமைப்பும் அப்பரப்புகளுக்குள்ளேயே அமைந்தன.

சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து இராமச்சந்திரன் 1963இல் வெளியிட்ட இவ்வாய்வே இராமச்சந்திரன் வரைபடம் எனப் பெயர் பெற்றது. கொலாஜன் மாதிரியமைப்பின் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தம் பெற்றன. முப்புரிச் சுருள் என்னும் அடிப்படை நிலைத்தது. மறுப்புக்கு விடை தேடிய முயற்சியோ புரதங்கள் அனைத்திற்கும் பொதுவான இலக்கணத்தைத் தந்தது.

பிற்காலம்

1971இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். அதே ஆண்டு ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் அவர் வெளியிட்ட கணித முறை, உடலின் உட்பகுதிகளைப் படமாக்கும் சி.டி. ஸ்கேன் நுட்பத்திற்கு உதவியது. 1977இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1999இல் படிகவியலின் உயரிய விருதான எவால்ட் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

பெப்டைடுகளைத் தாள்மேல் உருவாக்கும் முறை ஜெர்மனியில் 1990களின் தொடக்கத்தில் ரொனால்டு ஃபிராங்க் வளர்த்தெடுத்தது. அது இராமச்சந்திரன் கண்டதன்று. ஆயினும், அத்தாளில் நோய்க்கூறைப் பற்றும் சிறு சங்கிலியும், நம் உடலைத் தாங்கும் பெரும்புரதமும் வளையத்தக்க எல்லைகளை அவர் வரைபடமே உணர்த்துகிறது. உலகின் எந்த ஆய்வகத்தில் புதிய புரத அமைப்பு கண்டறியப்பட்டாலும், அது பிழையற்றதா எனச் சோதிக்க இன்றும் முதலில் எடுக்கப்படும் அளவுகோல்களுள் ஒன்று, சென்னையில் வரையப்பட்ட அந்தச் சதுரமே.