பரிணாமத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர்

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் ஹெர்பர்ட் ஸ்பென்சரின் பெயரைக் கேளாதிருத்தல் அரிது. எளியதிலிருந்து அரியதற்கும், கண்ணாற் காணும் பொருளிலிருந்து கருத்துப் பொருளுக்கும் மாணவரை அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் விதிகளை அவர் பெயரோடு சேர்த்தே நாம் மனனம் செய்தோம். தகுதியுள்ளதே பிழைத்து நிற்கும் என்ற புகழ்பெற்ற தொடரை ஆக்கியவரும் அவரே என்பது பின்னரே நமக்குத் தெரிந்தது. குழந்தைகளிடம் அத்துணைப் பரிவு காட்டிய ஒருவர் நலிந்தோரிடத்து மனம் இறுகியது எங்ஙனம்? இவ்வினாவே அவர் வரலாற்றை எழுத நம்மைத் தூண்டியது.

இங்கிலாந்திலுள்ள டெர்பி நகரில் 1820 ஏப்ரல் 27 அன்று அவர் பிறந்தார். ஒன்பது மக்களுள் பிழைத்து வளர்ந்தவர் அவர் ஒருவரே. தந்தையார் பள்ளி ஆசிரியர். விடையைச் சொல்லிவிடாமல், மாணவனே கண்டறியுமாறு வினவும் முறையர். மகன் பூச்சிகளைச் சேர்த்து ஆராய்ந்தான். இலத்தீன், கிரேக்கப் பாடங்களில் மனம் செலுத்தவில்லை. பதின்மூன்றாம் வயதில், பாத் நகருக்கு அருகே கிறித்துவ மதகுருவாக இருந்த சிறிய தந்தையார் தாமஸிடம் கல்வி பயில அனுப்பப்பட்டான். அங்குள்ள கட்டுப்பாடு பிடிக்கவில்லை. ஒருநாள் புறப்பட்டு, முதல் நாள் 48 மைல், மறுநாள் 47 மைல் என நடந்து, மூன்றாம் நாள் வீடு வந்து சேர்ந்தான்! மீண்டும் அனுப்பப்பட்டு மூன்றாண்டுகள் அங்கே கற்றான் எனினும், அதிகாரத்திற்கு அடங்காத அவ்வியல்பு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. பின்னர்ச் சிறிய தந்தையார் கேம்பிரிட்ஜில் சேர்க்க முன்வந்தபோதும் மறுத்துவிட்டார்.

மூன்று மாதம் ஆசிரியராக இருந்தபின், 1837இல் இரயில் பாதைப் பொறியாளர் பணியில் சேர்ந்தார். பாதைக்காக வெட்டிய நிலத்தில் கிடைத்த தொல்லுயிர்ச் சுவடுகள் அவர் சிந்தையைக் கிளறின. 1848 முதல் ஐந்தாண்டுகள் 'எகனாமிஸ்ட்' இதழின் துணையாசிரியர். உயிரினங்கள் படிப்படியே மாறித் தோன்றின என்று 1852இலேயே கட்டுரை எழுதினார். டார்வினின் பெருநூல் வெளிவந்தது 1859இல் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. உளவியல் நூலை 1855இல் வெளியிட்டபோது நரம்புத் தளர்ச்சியால் நலம் கெட்டது. அதன்பின் நாளொன்றுக்குச் சில மணி நேரமே உழைக்க இயன்றது. வீண்பேச்சு எல்லை மீறினால் செவிகளை அடைத்துக்கொள்ளத் தனிக் கருவி வைத்திருந்தாராம்!

நமக்கு நெருக்கமான நூல் 1861இல் வெளிவந்த 'கல்வி'. பிரம்படிக்கு மாற்றாக, செயலின் இயல்பான விளைவே குழந்தைக்குப் பாடமாகட்டும் என்றார். விளையாட்டுப் பொருள்களை இறைத்த குழந்தையே அவற்றை எடுத்து வைக்கட்டும். புறப்படத் தாமதிக்கும் சிறுமி அன்றைய உலாவை இழக்கட்டும். சிறுமியரும் சிறுவரைப் போல் ஓடியாட வேண்டும் என வாதாடி, அமைதியாக அடங்கிக் கிடந்த பெண்கள் பள்ளிகளைக் கடிந்துரைத்தார். பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்த நாம் இதற்காகவே அவரை வணங்கலாம்.

ஆயின் அதே நூல் குழந்தைகளுக்குப் புலால் உணவு வேண்டும் என்றும் கூறுகிறது. ஆறு மாதம் மரக்கறி உணவு உண்டு பார்த்து, வலிமை குன்றியதாக எண்ணிக் கைவிட்டவர் அவர். ஒருவரின் அரையாண்டு அனுபவம் விதியாகிவிடுமா? தலைமுறை தலைமுறையாகப் புலால் அறியாது வளர்ந்த நம் பிள்ளைகள் கல்வியிலோ உழைப்பிலோ எவருக்கும் இளைத்தவரல்லர்.

அண்டம், உயிர், உள்ளம், சமுதாயம், அறம் அனைத்தையும் ஒரே பரிணாம விதியால் விளக்கும் பத்துத் தொகுதிகளுக்கு 1860இல் திட்டமிட்டு, 1896இல் முடித்தார். எளிய, ஒரே தன்மையான நிலையிலிருந்து பல்கிச் சிக்கலான நிலைக்கு யாவும் வளர்கின்றன என்பதே அதன் சாரம். 1866இல் பணமின்றி இப்பணி நிற்கும் நிலை வந்தது. கருத்து வேறுபாடுடைய ஜான் ஸ்டூவர்ட் மில் செலவுக்குப் பொறுப்பேற்க முன்வந்தார், ஸ்பென்சர் ஏற்கவில்லை. அமெரிக்க அன்பர்கள் 7,000 டாலர் திரட்டியளித்ததால் பணி தொடர்ந்தது.

ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை நம் ஆகமங்கள் வகுத்திருப்பதைச் சுட்டி, பரிணாமத்தை நம் முன்னோரே கூறிவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அது பொருந்தாது. நம் நூல்கள் உரைப்பது வினைவழிப் பிறவி மாற்றம். அதில் உயிர் உயர்வதும் உண்டு, தாழ்வதும் உண்டு. ஸ்பென்சர் உரைத்தது காலப்போக்கில் இனங்கள் மாறுவது. எனினும் எல்லாச் சமயத்திலும் ஓர் உண்மைக் கூறு உறையும் என்று அவர் கொண்டது, அநேகாந்தம் பயின்ற நமக்கு அயலாகத் தோன்றாது.

தகுதியுள்ளது பிழைக்கும் என்ற தொடர் 1864இல் அவரது உயிரியல் நூலில் தோன்றியது. டார்வின் 1869இல் அதனை எடுத்தாண்டார். ஏழைகளுக்கு அரசு உதவுவதையும், அரசே பள்ளி நடத்துவதையும் ஸ்பென்சர் எதிர்த்தார். தனிமனிதர் தம் மனமுவந்து செய்யும் ஈகையை அவர் விலக்கவில்லை. ஆயினும் செல்வர் பலர் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டனர். உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவன என்று கற்ற நாம் இங்கே அவரோடு உடன்பட இயலாது. குழந்தை தன் பிழையின் விளைவை நுகர்வது வேறு. பிறர் செய்த கேட்டால் ஏழை பட்டினி கிடப்பது வேறு. இவ்வேறுபாட்டை அவர் போதிய அளவு எண்ணினாரல்லர். மற்றொரு புறம், வலிய நாடு மெலிய நாட்டை அடக்குவதைக் கடுமையாக வெறுத்தார். 1882இல் ஆக்கிரமிப்பு எதிர்ப்புக் கழகம் தொடங்க உழைத்தார். முதுமையில் போயர் போரையும் கண்டித்தார்.

மணம் புரியாது வாழ்ந்த அவர், 1903 டிசம்பர் 8 அன்று பிரைட்டன் நகரில் மறைந்தார். அந்நாட்டில் அன்று அரிதாயிருந்த முறைப்படி அவர் உடல் எரியூட்டப்பட்டது. அச்சடங்கிற்கு வந்திருந்தோருள் கச்சு நாட்டில் பிறந்த சமஸ்கிருத அறிஞர் சியாம்ஜி கிருஷ்ண வர்மாவும் ஒருவர். ஸ்பென்சர் பெயரால் ஆக்ஸ்ஃபோர்டில் சொற்பொழிவு நடைபெற 1,000 பவுன் தருவதாக அங்கேயே அறிவித்தார். 1905இல் இந்திய விடுதலைக்காக இலண்டனில் அவர் தொடங்கிய இதழ், ஆக்கிரமிப்பை எதிர்க்கும் ஸ்பென்சரின் வாக்கைத் தன் முகப்பில் தாங்கி வந்தது.