கலைடொஸ்கோப்பைத் தந்தவருக்குச் சேராத காசு

ஒளிப்படமொன்றை ஆப்புத் துண்டாக வெட்டி, கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பித் திருப்பி ஒட்டினால் கோலம் விரிகிறது. இன்று கைப்பேசிச் செயலி நொடியில் செய்யும் இந்த வேலையின் கணக்கை 200 ஆண்டுகளுக்கு முன்பே போட்டவர் ஸ்கொட்லாந்தின் டேவிட் புரூஸ்டர்.

1781இல் ஜெட்பரோவில் பாடசாலை அதிபர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 12 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றார். போதகராவதற்கே படித்தார், அனுமதியும் பெற்றார். ஆனால் சபைமுன் நின்றால் பதற்றம் விடவில்லை. ஒளியியலின் பக்கம் திரும்பினார்.

ஒளித்தெறிப்பை ஆராய்கையில், சாய்ந்து நிற்கும் இரு கண்ணாடிகளுக்கிடையே பொருள்கள் ஒழுங்காகப் பெருகுவதைக் கண்டார். கோணம் 60 பாகையானால் வட்டத்தில் ஆறு பகுதிகள். 45 பாகையானால் எட்டு. 1817இல் காப்புரிமை பெற்றார். அதற்குள் இரகசியம் கசிந்துவிட்டது. பிறர் செய்து விற்றார்கள். லண்டனிலும் பாரிஸிலும் மூன்றே மாதங்களில் 2 இலட்சம் விற்றதாகக் கணக்கிடப்பட்டது. அவருக்குச் சேர்ந்தது சொற்பம்.

கசப்போடு அவர் ஒதுங்கவில்லை. நண்பர் டால்பொட் கண்டறிந்த கலோடைப் ஒளிப்பட முறையை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அம்முறை ஸ்கொட்லாந்தில் எவருக்கும் தடையின்றிக் கிடைத்தது. 1843இல், அரச தலையீட்டை எதிர்த்துத் திருச்சபையிலிருந்து வெளியேறிய போதகர்கள் நூற்றுக்கணக்கானோரை ஓவியர் ஹில் ஒரே ஓவியத்தில் வரைய முனைந்தார். முதலில் ஒளிப்படம் எடுக்கச் சொல்லி, ரொபர்ட் அடம்சனை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் புரூஸ்டர். அந்த இருவரும் பின்னர் நியூஹேவன் மீனவக் குடும்பங்களையும் படமெடுத்தனர்.

புரூஸ்டர் 1868இல் மறைந்தார். பெயர் தெரியாமல் போயிருக்கக்கூடிய அந்த மீனவர்களின் முகங்கள் இன்றும் இருக்கின்றன.