சுவரிலே ஏறிய சித்திரம்

துலூஸ் லோத்ரெக், பிரபு வம்சத்துப் பிள்ளை. பிரான்சு நாட்டு ஆல்பி நகரில் 1864-இல் பிறந்தார். 13-ஆம் வயதில் ஒரு தொடையெலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டு மற்றொன்று. கால்களின் வளர்ச்சி நின்றது. பெற்றோர் இருவரும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். அந்த இரத்த உறவே காரணமென மருத்துவ உலகம் கருதுகிறது.

வேட்டையும் குதிரையும் குலவழக்கம். அது கைகூடாத சீமான் தூரிகை ஏந்தினார். பாரிசின் மோன்மார்த்ர் குன்றுக்கு வந்தார். துணி வெளுத்துப் பிழைத்த லூயிஸ் வெபர் அங்கே மூலான் ரூஜ் அரங்கில் ஆடினாள். 1891-இல் அந்த அரங்குக்காக அவர் ஆக்கிய கல்லச்சுச் சுவரொட்டியைப் பாருங்கள்! வெளிச்சமெல்லாம் சலவைக்காரப் பெண்மீது. உயர்ந்த தொப்பியணிந்த கனவான்களோ முகமற்ற கருநிழல்கள்! கட்டணம் கட்டிக் கூடத்துக்குள் சென்று காணும் ஓவியமல்ல அது. வேலை முடிந்து வீடு திரும்புவோன் வீதியிலே கண்ட ஓவியம். அதற்காகவே அவரை நாம் போற்றுகிறோம்.

பல் விளக்கும் பிரஷ்ஷால் மையைக் கல்மீது தெறிக்கவிட்டார். மின்னொளியில் பட்டாடை சுழற்றிய லோயி ஃபுல்லரை 1893-இல் ஏறத்தாழ 60 படிகள் அச்சிட்டார்; ஒன்றின் வண்ணம் மற்றொன்றில் இல்லை. மேலே பொன் துகள், வெள்ளித் துகள்!

இரவு அவருக்குக் கலையைத் தந்தது, மதுவையும் தந்தது. மறைப்பானேன்? 1901-இல், 36 வயதில் மறைந்தார். 1922 முதல் அவருடைய ஆட்டக்காரிகள் ஆல்பி நகர பிஷப்பின் பழைய அரண்மனையில் குடியிருக்கிறார்கள். அதுதான் அவரது அருங்காட்சியகம்.