வாசலுக்கு வெளியே சோகாமேளா

மராட்டியத்தின் பண்டரிபுரத்தில் விட்டலர் கோயிலுக்குப் போகிறவர்கள், நாமதேவர் படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே செல்வார்கள். அந்தப் படிக்கு எதிரே ஒரு சிறிய சமாதி இருக்கிறது. மகர் சாதியில் பிறந்த சோகாமேளாவின் சமாதி அது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், உயிரோடு இருந்தவரை அந்தக் கோயிலுக்குள் விடப்படவில்லை.

செத்த மாட்டை இழுப்பது, ஊரைக் காவல் காப்பது, சேதி சொல்லப் போவது ஆகியவை மகர்களுக்கு ஊர் விதித்த வேலைகள். கூலி பெரும்பாலும் மிச்சச் சோறுதான். மங்கள்வேடாவில் மனைவி சோயராபாயுடன் இப்படித்தான் பிழைத்தார் சோகாமேளா. தையற்காரர் குலத்து நாமதேவரைக் குருவாகக் கொண்டு அபங்கங்கள் பாடினார்.

தீட்டு என்ற சொல்லை அவர் விடவே இல்லை. பிறப்பும் இறப்பும் தீட்டென்றால் தீட்டில்லாதவர் யார் என்று கேட்டார். கரும்பு கோணலாக இருந்தாலும் சாறு கோணலாகாது என்பது அவர் காட்டிய உவமை. பூசாரியும் பூசை விதிகளும் இல்லாமலே தன் விட்டலனை அவர் நெஞ்சுக்குள் கண்டுகொண்டார். ஆனாலும் முற்பிறவி வினையால்தான் இந்தப் பிறப்பு என்ற எண்ணம் அவர் பாடல்களில் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. அந்த இடங்களைப் படிக்கையில் நமக்கு வலிக்கிறது.

சோயராபாய் இன்னும் கறாரானவர். உடம்பின் தீட்டு உடம்போடே பிறக்கிறது, அது இல்லாத உடம்பு எங்கே இருக்கிறது என்று பெண்ணின் அனுபவத்திலிருந்து பேசினார். மகன் கர்மமேளாவோ, எச்சில் தின்னும் பிழைப்பைக் கொடுத்தது ஏன் என்று கடவுளிடமே சண்டைக்குப் போனார். தந்தைக்குக் கிடைத்த மன அமைதி மகனுக்குப் போதவில்லை. ஒரே வீட்டில் இந்த மூன்று குரல்களும் இருந்ததை வாரகரி மரபின் பெருமை பேசுவோர் அதிகம் சொல்வதில்லை. சோகாமேளாவின் பணிவை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளத்தில் கடவுள் இருக்கக் கோயில் எதற்கு என்று நமக்குப் பாடம் நடத்துவார்கள். அதைச் சொல்கிறவர்கள் கோயிலுக்குள் நின்றுகொண்டுதான் சொல்வார்கள்.

1338இல் மங்கள்வேடாவில் மதில் கட்டும் வேலைக்குப் போன இடத்தில் சுவர் இடிந்து விழுந்து, தொழிலாளர்களோடு அவரும் மாண்டார் என்கிறது மரபு. எலும்புக் குவியலில் காதை வைத்து, விட்டலன் பெயர் ஒலித்த எலும்புகளை நாமதேவர் எடுத்து வந்தார் என்பது பக்தர்கள் சொல்லும் கதை. கொண்டுவந்த எலும்புகளுக்கும் கிடைத்தது வாசலுக்கு வெளியேதான்.

அந்த வாசல் தலித் மக்களுக்குத் திறந்தது 1947இல். அதற்காக சானே குருஜி அந்த ஆண்டு மே மாதம் உண்ணாநோன்பு இருக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு, தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்த தம் நூலை அண்ணல் அம்பேத்கர் மூவருக்குக் காணிக்கையாக்கினார். நம் நந்தனார், ரவிதாசர், சோகாமேளா. 1956இல் நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவியபோது உடன் வந்த லட்சக்கணக்கானோரில் பெரும்பகுதியினர் சோகாமேளாவின் மகர் மக்கள்.