துலாக்கோல் கோணாத வணிகர் ஸ்ரீமத் ராஜசந்திரர்

பொய்யளவையும் கலப்படமும் கள்ளாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் என்பது ஆகமம். அவற்றை அறவே விலக்கியும் வணிகத்தில் சிறக்கலாம் என வாழ்ந்து காட்டியவர் ஸ்ரீமத் ராஜசந்திரர்.

சௌராட்டிரத்து வவாணியா என்னும் சிற்றூரில் 1867 நவம்பர் 9ஆம் நாள் பிறந்தார். 13ஆம் அகவை முதல் தந்தையாரின் கடையில் அமர்ந்தார். எவருக்கும் விலையை ஏற்றிச் சொன்னதில்லை, எடையைக் குறைத்ததுமில்லை. 1887இல் பம்பாயில் சதாவதானம் நிகழ்த்திப் பெரும்புகழ் எய்தினார். அப்புகழ் ஆன்ம நலனுக்குத் தடையென உணர்ந்து அவதானத்தைக் கைவிட்டார்.

பின்னர் பம்பாயில் முத்து, வைர வணிகத்தில் பங்காளியானார். பேரம் முடிந்ததும் அவர் கை நாடுவது சமய நூலையோ குறிப்பேட்டையோதான். 1891இல் அவரைச் சந்தித்த காந்தியடிகள் இதனைக் கண்டு வியந்தார்.

ஒருமுறை, குறித்த விலைக்கு மணிகள் தர ஒப்பிய வணிகர், விலை திடீரென ஏறியதால் குடும்பமே அழியும் நிலைக்கு ஆளானார். ராஜசந்திரர் ஒப்பந்தச் சீட்டைத் தம் கையாலேயே கிழித்து அவரைக் காத்தார் என்பர். சட்டப்படி உரிய இலாபமாயினும், பிறர் கண்ணீரில் விளைவது அவருக்கு வேண்டாததாயிற்று.

பொன்னூர் மலையோடு நாம் போற்றும் குந்தகுந்தாசாரியரின் நூல்களில் அவர் ஆழ்ந்து தோய்ந்தவர். ஆகம நூல்களை அச்சேற்ற 1900இல் ஒரு மண்டலத்தை நிறுவச் செய்தார். 1901 ஏப்ரல் 9 அன்று ராஜகோட்டில், 33ஆம் அகவையில் மறைந்தார்.

திருவள்ளூர்க் கடைத்தெருவிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் பொருளீட்டும் நம் இல்லறத்தார்க்கு அவர் வாழ்வே உரைகல்.